எம் வீட்டுக் கணப்பு

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது சங்க இலக்கியத்திற் கார்காலம் என்பது போன்ற ஒன்றாகவே இருந்திருக்கும். கார்காலம் இல்லாவிடினும் கூதிர்காலம் இக்கட்டுரையில் உண்டு. ஆயினும் இதன் பொருள் இலக்கியமன்று. எம் வீட்டு முன்னறையில் இருக்கும் ஒரு பழைய வாயுக் கணப்பு. அதன் தோற்றத்தைப் புதுப்பிக்கவேண்டுமென்று வீட்டார் விரும்பியதும், அதனை ஆபத்தின்றிச் செய்வதற்கு யாம் அறிய வேண்டியிருந்தவையும் இங்கே கூறப்படுகின்றன. மலைநாட்டின் பழைய பங்களாக்களிலும் உத்தியோகத்தர் விடுதிகளிலும் குடியிருக்கும் பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். அவர்களுள் ஒருவருக்கேனும் இது பயன்படுமாயின் யாம் எடுத்துக்கொண்ட பொருளைச் சங்கத்தார் மன்னித்தருள்வர்.

பூனாகலை, பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவிலே தேயிலைத் தோட்டங்களாற் சூழப்பட்ட ஊர். பண்டாரவளை நகரமே கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 4,000 அடி மேலே உள்ளது. அப்புத்தளை அதனினும் உயர்ந்தது. ஊவாவுக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஆதலின் கார்த்திகை தொடங்கித் தை முடியும்வரை பகலிலும் பனிமூட்டம் விலகாது. இரவிற் சுவர்கள் வியர்க்கும். பாயும் போர்வையும் ஈரமாய்க் கிடக்கும். வீட்டுக்குள்ளே நெருப்பு மூட்டிக் குளிர்காய்வது வெள்ளைக்காரர் காலத்து டாம்பீகம் என்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வாழும் அன்பர்கள் கருதுதல் கூடும். எழுபது வயதைக் கடந்த இழுப்பு நோயாளர் ஒருவரை மார்கழி இரவொன்றில் இங்கே படுக்கவைத்துப் பார்த்தால் அக்கருத்து மாறிவிடும்.

புகைபோக்கியுடன் கூடிய கணப்பை இம்மலைகளுக்குக் கொணர்ந்தவர் தோட்டத் துரைமாரே. தோமஸ் லிப்டன் தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கியது 1890இல். பண்டாரவளை ஹோட்டல் திறக்கப்பட்டது 1893இல். சேர் தோமஸ் வில்லியர்ஸ், இங்கிலாந்தின் லீட்ஸ் கோட்டையை மனத்திற் கொண்டு அப்புத்தளையில் அதிசாம் மாளிகையைக் கட்டியது 1931இல். அக்காலத்துக் கட்டடங்களின் கணப்புகள் கண்டவாறு கட்டப்பட்டவை அல்ல. றம்போர்டு பிரபு என்பார் 1796ஆம் ஆண்டிலேயே, கணப்பின் பக்கச் சுவர்களைச் சாய்த்துப் புகைபோக்கியின் தொண்டையை ஒடுக்கினாற் புகை மேலேறும், வெப்பம் அறைக்குள் வரும் என்று எழுதிவைத்தார். இன்றும் பழைய பங்களாக்களிற் கணப்பினுள்ளே தலையை நீட்டிப் பார்ப்போர் அவ்வொடுங்கிய தொண்டையைக் காணலாம்.

அதே மலையில், அதே குளிரில், லயத்துக் காம்பராக்களுக்குப் புகைபோக்கி இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் அமைந்த அறையின் ஒரு மூலையிலே அடுப்பு. அதிற் கவ்வாத்து மிலாறு. புகை போவதற்குக் கூரைத் தகரத்தின் இடுக்கு. குழந்தைகள் அவ்வடுப்பைச் சுற்றியே உறங்கினர். துரைமார் வீட்டில் நெருப்பு ஒரு சுவரிலும், சமையல் வேறோர் இடத்திலும், புகை வானத்திலும் இருந்தன. லயத்தில் மூன்றும் ஒரே அறையில் இருந்தன. வீட்டுப் புகையினால் ஏற்படும் நோய்களால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனரென உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவ்வெண்ணைப் படிக்கும்போது எமக்கு நினைவில் எழுவது லயத்து இருமலே. எம் மாமியார் அப்புகையிற் பிறந்து, அப்புகையிலே பிள்ளைகளை வளர்த்து, நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். அவர் நெஞ்சிலுள்ள இழுப்பு அப்புகை தந்த முதுசொம் என்று வைத்தியர் கூறினார்.

கணப்பு என்னும் சொல்லைப் பற்றியும் சிறிது கூறாவிடின் மாணவர்கள் எம்மைத் தமிழாசிரியரென மதியார். கணகணவென்று எரியும் நெருப்பைக் கணப்பு என்பது மக்கள் வழக்கு. நெருப்பிடும் கலத்தை இந்தளம் என்றும் தடவு என்றும் பழந்தமிழர் வழங்கினர். நெடுநல்வாடையிற் கூதிர்க் குளிருக்கு அஞ்சிய மதுரை மாந்தர், வாய் அகன்ற தடவில் நெருப்பிட்டுக் காய்கின்றனர். வேனிலிற் தென்றல் வரும் சாளரங்களின் கதவுகளை நன்றாகத் தாழிட்டுக்கொள்கின்றனர். வகுப்பில் இப்பகுதியைப் பன்முறை கற்பித்திருக்கின்றோம். இப்பொழுதோ அதைப் படிக்குந்தோறும் எமக்கு ஓர் ஐயம் எழுகின்றது: கதவு முழுவதையும் தாழிட்டுவிட்டு உள்ளே கரி நெருப்பு மூட்டினால், காலையில் எழுந்தவர் எத்தனை பேர்? அக்காலத்து மாளிகைகள் விசாலமானவை. மர இணைப்புகளிலும் கூரையிலும் காற்று நுழைய வழி இருந்திருக்கும். சாளரத்துக்குத் தமிழில் இன்னொரு பெயர் காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. வெளிச்சத்துக்கும் வேடிக்கைக்கும் முன்பே காற்றை நினைத்துப் பெயரிட்டவர் நம் முன்னோர். இச்சொல் பின்னரும் வரும்.

இனி எம் வீட்டுக்கு வருவோம். தோட்ட எல்லைக்கு வெளியே, தெருவோரத்திலுள்ள சிறு பங்களா அது. உத்தியோகத்தர் ஒருவர் குடும்பத்தாரிடமிருந்து யாம் அதனை 2020இல் வாங்கினோம். முன்னறையில் விறகுக்கெனக் கட்டிய கல் கணப்பு உண்டு. அக்குடும்பத்தார் தம் காலத்திலே விறகுத் தட்டை அகற்றிவிட்டு, கடல் கடந்து வந்த வாயுக் கணப்பொன்றை அதனுள்ளே பொருத்தியிருந்தனர். மண்ணிறப் பூச்சுடைய இரும்புக் கூடு. பக்கங்களில் மரம்போல் தோற்றமளிக்கும் ஒட்டுத் தாள். நடுவே வரிசையாகப் பொய்க்கரித் துண்டுகள். சுடர் அவற்றை வெதுப்பிச் செந்நிறமாக்கும் என்பது ஏற்பாடு. யாம் குடிபுகுந்த நாள்முதல் அது மூட்டப்படவில்லை. 2021இன் இறுதியில் வாயு என்றாலே நாடு நடுங்கியது. 2022இலோ வெற்றுச் சிலிண்டருடன் வரிசையில் நின்ற மக்கள் விறகுக்கே திரும்பினர். சமையலுக்குக் கிடையாத வாயுவைக் குளிர்காய்வதற்கு எரிப்பார் யார்?

வீட்டை விற்ற அம்மையார் விடைபெறும்போது ஒரு செய்தி கூறிச்சென்றார். மழை இரவுகளில் அம்முன்னறையிற் படுத்தால் தலையிடிக்குமாம். நெஞ்சை யாரோ அழுத்துவது போலிருக்குமாம். வெளியே வந்தால் நீங்கிவிடுமாம். "ஏதோ காத்துக்கருப்பு இருக்கு, முனியாண்டிக்கு ஒரு பூசை வச்சிடுங்க" என்றார். பூசையை யாம் வைத்தோம். அதனால் தீங்கு ஒன்றும் இல்லை.

மாமியார் எம்முடன் வந்து தங்கிய பின்னரே கணப்பின் பேச்சு மீண்டும் எழுந்தது. அவர் படுப்பது அந்த முன்னறையில். இரவிற் சன்னல்களை அடைத்து, கதவிடுக்கிற் பழஞ்சேலையைத் திணித்து, அப்படியும் குளிர் பொறுக்காமல் எழுந்து உட்கார்ந்து இருமுவார். எம் மனைவியார் கணப்பை மூட்டவேண்டும் என்றார். எம் மகளோ, மூட்டுவதாயின் அந்த அவலட்சணத்தை முதலில் மாற்றவேண்டும் என்றாள். இலண்டனில் இருக்கும் எம் மைத்துனர் தம் வீட்டுக் கணப்பின் படத்தை அனுப்பியிருந்தார். வெண்கற் சட்டம், உள்ளே மரக்கட்டை போன்ற பீங்கான் துண்டுகள், அவற்றினிடையே மஞ்சட் சுடர். "கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கூழாங்கல்லைப் பரப்பினால் இதுபோலவே இருக்கும் அப்பா" என்பது மகளின் திட்டம். கல்லுக்குக் கொஸ்லந்தைப் பக்கத்து ஓடைகள் இருக்கின்றன, காசும் வேண்டியதில்லை.

நகரத்துக் கடையொன்றில் விசாரித்தபோது, பீங்கான் கட்டைகள் தருவித்துத் தரலாம், யாரும் பொருத்தலாம், கழற்றி மாட்டுவதுதானே என்றனர். அச்சொல்லே எமக்கு ஐயத்தைத் தந்தது. தைக்கும் இயந்திரத்தின் ஊசியை மாற்றுவதற்கே ஆள் தேடும் ஊர் இது.

மைத்துனரிடம் கேட்டோம். "அத்தான், இங்கே அதற்கென்று பதிவுபெற்ற ஆளைத் தவிர வேறெவரும் வாயுக் கணப்பில் கைவைக்கச் சட்டம் இடங்கொடாது. 2009 ஏப்பிரல் முதல் காஸ் சேஃப் என்ற பதிவேடு நடக்கிறது. நீங்கள் தொடாதீர்கள்" என்று மறுமொழி வந்தது. அத்தகைய ஆளுக்குப் பூனாகலையில் எங்கே போவது? நற்காலமாக, எமது கல்லூரியிற் படித்துத் தொழில்நுட்பம் பயின்று, ஹோட்டல்களின் வாயுக் கருவிகளைப் பராமரிக்கும் இளைஞர் ஒருவர் பண்டாரவளையில் இருந்தார். எம் மாணவரே. தமிழில் அவர் பெற்ற புள்ளிகளை இங்கே வெளியிடுதல் முறையன்று. தம் தொழிலில் அவர் விண்ணர்.

அவர் வந்ததும் கூட்டின் அழகைப் பார்க்கவில்லை. முதலில் அதன் பின்புறத்துத் தகட்டைத் துடைத்து வாசித்தார். எந்த வாயுவுக்கு, எந்த அமுக்கத்துக்குச் செய்யப்பட்டது என்பது அதிலே பொறிக்கப்பட்டிருக்கும். பியூற்றேனுக்கு 28 மில்லிபார் என்று இருந்தது. "இது சரி, சேர். சீமையில் குழாய்வழி வரும் வாயுவுக்குச் செய்த கணப்பென்றால் இதை நான் தொடமாட்டேன்" என்றார். குழாய்வழி வருவது மெதேன். சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூற்றேனும். மெதேனுக்கு அளவான ஊசித்துளையிற் சிலிண்டர் வாயுவைச் செலுத்தினால், எரியத்தக்க அளவினும் பன்மடங்கு வாயு பாயும். பழைய பொருள் விற்குமிடத்தில் மலிவாகக் கிடைக்கும் கணப்புகளை வாங்குவோர் இத்தகட்டைப் பாராமல் வாங்கலாகாது.

அடுத்து அவர் கேட்டது ஊதுவத்தி. சாமி மாடத்திலிருந்து எடுத்துக்கொடுத்தோம். சன்னல்களை அடைத்து, கணப்பின் மேல்விளிம்பின் அருகே அதன் புகையைப் பிடித்தார். புகைபோக்கி ஒழுங்காக இழுக்குமாயின் புகைக்கோடு வளைந்து உள்ளே நுழைந்து மேலேறவேண்டும். அது நுழையவில்லை. சிறிது தயங்கி, அறைக்குள்ளே திரும்பி, மாமியார் கட்டிலை நோக்கிச் சென்றது.

ஏணி வைத்துக் கூரைமேல் ஏறிப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. மழைநீர் இறங்காதிருக்கும்பொருட்டு முன்னாளில் எவரோ புகைபோக்கியின் வாயைத் தகரத்தால் மூடி, மேலே இரண்டு செங்கல்லும் வைத்திருந்தனர். தகரத்தின் கீழே குருவிகள் கூடு கட்டியிருந்தன. அதுவன்றிப் புகைபோக்கியின் உடலில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு விரல் நுழையும் வெடிப்பு. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை புதையுண்டதையும், 2023 மார்ச்சில் இப்பூனாகலையிலேயே கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்ததையும் கண்ட ஊரார், சுவரில் வெடிப்பைக் கண்டால் முதலில் நிலத்தையே ஐயுறுவர். யாமும் கீழே அத்திவாரத்தைச் சுற்றிவந்து பார்த்தோம். நிலம் அசையவில்லை, வெப்பமும் ஈரமும் சுண்ணச்சாந்தைத் தின்றிருந்தன. ஆயினும் சரிவில் வீடு உடையோர், மழைக்காலம் முடிந்தவுடன் புகைபோக்கியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளல் நன்று. சுவரின் வெடிப்பு கண்ணிற்படும். கூரைக்குள் இருப்பது படாது.

தலையிடியின் காரணம் அப்பொழுது தெரியவந்தது. விஞ்ஞான ஆய்வுகூடத்திற் பன்சன் சுடரடுப்பின் காற்றுத் துளையை மூடியும் திறந்தும் காட்டிய பாடத்தைப் பழைய மாணவர் மறந்திருக்கமாட்டார். துளை திறந்திருந்தால் நீலச்சுடர். மூடினால் மஞ்சட் சுடர், மேலே பிடித்த பீங்கானிற் கரி. பன்சன் அவ்வடுப்பைப் பயன்படுத்தத் தொடங்கியது 1855இல். அதன் பாடம் இன்னும் பழசாகவில்லை. ஒரு கனவடி புரொப்பேன் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 24 கனவடி காற்று வேண்டும், பியூற்றேனுக்கு 31. அவ்வளவு கிடைத்தால் நீராவியும் காபனீரொட்சைட்டும் உண்டாகும். கிடைக்காவிடில், அல்லது எரிந்த வாயு போக வழியின்றி மீண்டும் சுடருக்கே திரும்பினால், காபனோரொட்சைட்டு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்கும் குணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதினும் 200 மடங்குக்கு மேலான விருப்புடன் அதனைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலையிடி, மயக்கம், குமட்டல், காய்ச்சல் இராது. வெளியே சென்றால் குறையும்; உள்ளே வந்தாற் கூடும். உறங்குவோருக்கு இவ்வறிகுறிகள் தெரியா. நுவரெலியாப் பக்கத்திலே குளிருக்கு அஞ்சிக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்து உறங்கியவர் எழாமற்போன செய்திகளைப் பத்திரிகைகளிற் கண்டிருக்கின்றோம்.

காத்துக்கருப்பு என்று அவ்வம்மையார் கூறியது ஒருவகையில் உண்மையே; காற்றுத்தான் கருப்பு. இது நம் நாட்டார்க்கு மாத்திரம் உரிய நம்பிக்கையுமன்று. வில்மர் என்னும் அமெரிக்கக் கண் வைத்தியர் 1921இல் ஒரு மருத்துவ இதழிலே ஒரு குடும்பத்தின் கதையை வெளியிட்டார். பழைய வீடொன்றிற் குடிபுகுந்த அவர்களுக்கு இரவிற் காலடியோசை கேட்டது, உருவங்கள் தோன்றின, பிள்ளைகள் வாடினர், செடிகளும் வாடின. ஈற்றில் ஆராய்ந்தபோது வீட்டை வெப்பமூட்டும் உலையின் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளே வந்துகொண்டிருந்தமை தெரிந்தது. உலையைச் செப்பனிட்டதும் பேய்கள் போய்விட்டன.

இவையெல்லாம் நடக்கும்போது மாமியார் கட்டிலிற் சப்பணமிட்டு இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஈற்றில் ஒரு வார்த்தை சொன்னார்: "புகை இருந்தா கண்ணு எரிஞ்சு காட்டிக்கொடுத்திடும் மாப்பிள்ளை. புகையே இல்லாத நெருப்பு எதைக் காட்டிக்கொடுக்கும்?" இரசாயன நூல் ஒன்றிலும் இவ்வளவு தெளிவாக யாம் படித்ததில்லை.

தோற்றத்தைப் பற்றிய வாதம் அதன் பின்னரே முறையாக நடந்தது. எம் மாணவர் கூறிய விதி எளியது: சுடருக்கு வெளியே இருப்பவை வீட்டாருக்கு உரியவை, சுடரும் அதன் வழியும் செய்தவனுக்கு உரியவை. பொய்க்கரித் துண்டுகள் அலங்காரத்துக்காகக் கண்டபடி அடுக்கியவை அல்ல. எத்தனை, எந்த அளவு, எந்த இடைவெளி என்பவையெல்லாம் சுடரோடு சேர்த்துக் கணிக்கப்பட்டவை. அவற்றை இடம் மாற்றினாலும், மேலே ஒன்றைக் கூட்டினாலும் சுடர் குளிர்ந்த பரப்பிலே மோதி முற்றாக எரியாமற் போகும்; கரி படியும்; நஞ்சு பிறக்கும். ஆகவே கூழாங்கல்லுக்கு அங்கே இடமில்லை. ஓடைக் கல்லினுள்ளே ஈரம் இருப்பின் வெப்பத்தில் வெடித்துத் தெறித்தலும் உண்டு. மகள் முகம் வாடிற்று. மைத்துனர் வீட்டு மஞ்சட் சுடர் எவ்வாறு தீங்கில்லாதது என்று கேட்டாள். நல்ல கேள்வி. அது முதலிலிருந்தே மஞ்சளாக எரியும்படி செய்யப்பட்ட கணப்பு. கட்டைகளும் புகைவழியும் அதற்கென்றே அமைந்தவை. நீலமாக எரியவேண்டிய எமது கணப்பு மஞ்சளாக எரிந்தால் அது நோய்க்குறி.

பொய்க்கரியின் கீழே வெண்பஞ்சு போன்ற நாரும் சிறிது இருந்தது. பழங்காலத்து வாயுக் கணப்புகளிற் கல்நாரைப் பயன்படுத்தினர். அதன் தூள் சுவாசப்பைக்குப் பெருங்கேடு. அந்நார் கல்நார்தானா என்பதைக் கண்ணாற் கண்டறிய இயலாது. அறிய இயலாததைக் கல்நாரென்றே கொள்ளவேண்டும் என்று அவர், அதனைத் தூரிகையாலோ உப்புத்தாளாலோ தொடவிடவில்லை. முகத்தை மூடிக்கொண்டு, நீர் தெளித்து நனைத்து, தூள் எழாமல் எடுத்து, இரட்டைப் பையிற் கட்டி அகற்றினார். எம்மை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டார். பின்னர், அக்கணப்பைச் செய்தவர்கள் அதே மாதிரிக்கென இக்காலத்தில் விற்கும் துண்டுகளின் இலக்கத்தை எழுதித்தந்தார்; மைத்துனர் வாங்கி அனுப்பினார். கடைக்காரர் காட்டிய கட்டைகள் கடையிலேயே இருக்கின்றன.

புகைபோக்கியே பெருஞ்செலவாயிற்று. மேசன் ஒருவர் தகரத்தை அகற்றி, வெடித்த பகுதியைக் கட்டி, உள்ளே துருப்பிடியாத எஃகுக் குழாயை இறக்கினார். வாயில் மழையைத் தடுத்துப் புகையை விடும் தொப்பியொன்றைப் பொருத்தினார். குருவி நுழையாதபடி அதில் வலையும் உண்டு. குருவிகளுக்கு யாம் வேறிடம் காட்டவில்லை. அவை கூரைத் தகரத்துக்குள்ளே தாமே இடம் பார்த்துக்கொண்டன. சன்னலுக்கு மேலே இருந்த காற்றுத் துளைகளை முன்னையோர் சாந்து பூசி அடைத்திருந்தனர். அவற்றைத் திறப்பித்தோம். காலதர் என்ற சொல்லின் பொருளை மேசனுக்கு விளக்க முயன்றோம். அவர் உளியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

சிலிண்டரைப் பற்றி ஓரிரு வார்த்தை. சமையல் வாயு காற்றினும் பாரமானது. புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூற்றேன் இரு மடங்கு. கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் வடிகானிலும் தேங்கும். ஆதலின் சிலிண்டர் வெளியே, நிமிர்ந்து, வடிகானுக்கு எட்டத்தில் நிற்கவேண்டும். முன்னையோர் அதனைச் சுவரோரத்துக் கானின் மேலேயே வைத்திருந்தனர். பழைய இறப்பர் குழாய் விரலால் மடித்தபோது வெடிப்புக் காட்டியது. குழாய், றெகுலேற்றர் இரண்டும் புதிதாயின. இணைப்புகளிற் சவர்க்கார நீரைத் தடவி, குமிழி எழாமையைக் கண்ட பின்னரே மூட்டினார். 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் நிகழ்ந்த வெடிப்புகளை ஆராய்ந்த சனாதிபதிக் குழு, வாயுக் கலவையிற் புரொப்பேனின் பங்கு கூட்டப்பட்டதையே முதற் காரணமாகக் கண்டது. பியூற்றேன் பூச்சியப் பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதிப்பது. புரொப்பேனோ −42 பாகையில். ஆகையாற் புரொப்பேன் மிகுந்தால் சிலிண்டருக்குள் அமுக்கம் மிகும். தளர்ந்த குழாயும் தேய்ந்த றெகுலேற்றரும் அதனைத் தாங்கமாட்டா. கலவை கம்பெனிக்காரர் கையில் இருக்கின்றது. குழாயாவது நம் கையில் இருக்கின்றது.

இத்தனைக்கும் பின்னரே அழகு வந்தது. வாயுவை நிறுத்தி, கூடு நன்றாகக் குளிர்ந்தபின், மர ஒட்டுத் தாளை உரித்து, வெப்பந்தாங்கும் கரும்பூச்சை மகளே பூசினாள். தகட்டெழுத்துக்களின் மேலும் காற்றுப் பிளவுகளின் மேலும் பூச்சுப் படாதபடி தாள் ஒட்டிக்கொண்டாள். முதலில் மூட்டும் நாளிற் பூச்சு மணக்குமாதலாற் சன்னல்களைத் திறந்துவைக்கவேண்டும் என்றும் அறிந்துகொண்டாள். சுற்றிலும் உடைந்திருந்த சாந்தை நீக்கிக் கருங்கற் பலகை பதித்தோம். மரத் தட்டு, செய்தவர் கையேட்டிற் கூறிய தூரத்திற்கு உயர்ந்தது. சன்னற் சீலை குட்டையாயிற்று. கூழாங்கற்கள், சுடருக்கு எட்டாத இடத்தில், கருங்கல்லின் ஓரத்தே வரிசையாக அமர்ந்தன. மாமனாரின் படத்தைத் தட்டின்மேல் வைக்கவேண்டுமென்று எம் மனைவியார் விரும்பினார். வெப்பத்திற் படம் பழுதாகுமெனப் பக்கச் சுவரில் மாட்டினோம். தட்டுக்கு எதிரே, கணப்பிலிருந்து ஆறடி தூரத்தில், காபனோரொட்சைட்டு மிகுந்தாற் கூவும் சிறு கருவியொன்று இருக்கின்றது. அதுவும் மைத்துனர் அனுப்பியதே. அக்கருவி இருக்கின்றதெனக் காலதரை அடைத்தலும், கணப்பு எரியும்போது மாமியாரை உறங்கவிடலும் ஆகா என்பது எம் மாணவரின் கட்டளை. படுக்குமுன் இரண்டு மணிநேரம் எரியும். அறை வெதுவெதுப்பானதும் அணைக்கப்படும்.

மார்கழி முதல் வாரத்தில் மூட்டினோம். எம் மாணவர் மீண்டும் ஊதுவத்தி கேட்டார். புகைக்கோடு விளிம்பருகே ஒருகணம் நின்று, வளைந்து, உள்ளே நுழைந்து மேலே போயிற்று. துண்டுகள் மெல்லச் சிவந்தன. அடியிற் சுடர் நீலமாக இருந்தது. மகள் படம் எடுத்து இலண்டனுக்கு அனுப்பினாள். மாமியார் நாற்காலியை இழுத்துப்போட்டு உள்ளங்கைகளை நீட்டிக் காய்ந்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் வெற்றிலையை மடித்தவாறே கேட்டார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுமேல கேத்தலை வச்சு ஒரு தேத்தண்ணி ஊத்திக்கலாமா?"

வைக்கலாகாது என்று எம் மனைவியாரும் மகளும் எம் மாணவரும் யாமும் ஒரே குரலிற் கூறினோம். தேநீர் அடுக்களையிலிருந்து வந்தது.